முதுகைக் காட்டி உட்கார்ந்தவர்

"முப்பத்தோரு வருஷமா ஜனங்க இந்த முகத்தைப் பார்க்கத்தான் டிக்கெட் வாங்கினாங்க. நீங்க என்னடான்னா முதுகைக் காட்டி உட்காரச் சொல்றீங்க. இது என்ன நியாயம், அம்மணி?"

கேட்டவர் லோரின்ஸ். புடாபெஸ்ட் நகரத்துப் பெரிய நாடக அரங்கில் ராஜா, தளபதி, ஏமாந்த கணவன் என்று வேடம் கட்டியே தலை நரைத்தவர். வயது ஐம்பத்தேழு. குரல் மட்டும் இன்னும் கோயில் மணி.

பதில் சொல்ல வேண்டியவள் பிரோஷ்கா. வயது முப்பத்தெட்டு. ஊர்ப் பொதுக் குளியல்கூடத்துக்குப் பின்னால் இருந்த பழைய சலவைக் கொட்டகையைப் பிடித்து, தொண்ணூறு நாற்காலி போட்டு, புதுமாதிரி நாடகம் நடத்திக்கொண்டிருந்தவள். தொண்ணூறும் தொண்ணூறு வீட்டில் இரவல் வாங்கியவை. ஒன்றுக்கொன்று உயரம் ஒத்துப்போகாது.

அவள் பதில் சொல்லவில்லை. திரும்பி நின்றுகொண்டு நாடகத்துச் சூப்புக்குக் காரட் நறுக்கினாள்.

லோரின்ஸ் காத்திருந்தார்.

கத்தி பலகையில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. டக். டக். டக்.

"கோபமா, அம்மணி?" என்றார் கடைசியில்.

"முகத்தைப் பார்த்தா கண்டுபிடிச்சீங்க?" என்றாள் பிரோஷ்கா, திரும்பாமலே.



*

அவர் அங்கே வந்த கதை இவ்வளவுதான்.

பெரிய அரங்கு அவருக்கு ஒரு மலர்வளையமும் வெள்ளிக் கடிகாரமும் கொடுத்து, போய் வாருங்கள் என்று அனுப்பிவிட்டது. அதற்குப் பிறகு வேறு எந்த அரங்கும் அவரைக் கூப்பிடவில்லை. வீட்டில் அந்தக் கடிகாரம் மட்டும் விடாமல் பேசிக்கொண்டிருந்தது.

ஒருநாள் மழைக்கு ஒதுங்குகிற சாக்கில் சலவைக் கொட்டகைக்குள் நுழைந்தார். பத்திரிகைகள் 'சமையல்கட்டு நாடகம்' என்று கிண்டல் செய்த நாடகம் நடந்துகொண்டிருந்தது. சிரித்துவிட்டுப் போகலாம் என்றுதான் உட்கார்ந்தார்.

மேடையில் ஓர் ஆள் கட்டில் விளிம்பில் அமர்ந்து ஷூ நாடாவைக் கட்டினான். வசனம் இல்லை. வாள் இல்லை. நாடா அறுந்தது. முடிச்சுப் போட்டு மறுபடியும் கட்டினான்.

லோரின்ஸ் அழுதுவிட்டார்.

அடுத்தவன் நடிப்புக்கு அவர் அழுதது அதுதான் முதல் தடவை. பொறாமையில் அழுதது வேறு.

மறுநாள் காலை பிரோஷ்காவின் முன்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு இதைச் சொல்லிக் கொடுங்க."

"முடியாது," என்றாள் அவள். "ஆனா ஒரு வேடம் இருக்கு. ஒரே ஒரு வரி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாடகம். அந்த வரி உங்களுக்கு வந்தா வேடம் உங்களோடது. வராட்டா திங்கட்கிழமையிலேர்ந்து அதை காஷ்பார் செய்வார்."

காஷ்பார் என்பவர் கொட்டகையின் அடுப்புக்குக் கரி போடுகிறவர். அவர் அப்போதே கைகூப்பி, "தாயே, எனக்கு வேண்டாம்," என்றார்.

"உங்களை யாரும் கேக்கலை," என்றாள் பிரோஷ்கா.

*

வேடம் ஒரு தகப்பனுடையது. அன்று காலையில்தான் ஒரே மகன் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறப் போயிருக்கிறான். அந்த வருஷங்களில் அந்த ஊரில் இது நடக்காத தெரு கிடையாது. தாய் சூப்பைக் கொண்டுவந்து மேசைமேல் வைக்கிறாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். தகப்பன் மட்டும் இருக்கிறான், நமக்கு முதுகைக் காட்டியபடி.

"எனக்குப் பசியில்லை," என்கிறான்.

திரை.

"இவ்வளவுதானா?" என்று கேட்டார் லோரின்ஸ்.

"இவ்வளவு இருக்கு," என்றாள் பிரோஷ்கா.

*

முதல் ஒத்திகையில் லோரின்ஸ் கதவைத் திறந்து மேடைக்கு வந்தார். இரண்டடி வைத்தார். மார்பை நிமிர்த்தி அப்படியே நின்றார்.

நின்றுகொண்டே இருந்தார்.

"ஏன் நிக்கறீங்க?"

"கைதட்டல் அடங்கட்டும்னு."

பிரோஷ்கா கொட்டகையைச் சுற்றிப் பார்த்தாள். தொண்ணூறு காலி நாற்காலி. ஒரு பூனை.

"யாரு தட்டினா?"

லோரின்ஸுக்குக் காது சிவந்தது. "பழக்கம், அம்மணி. நான் உள்ளே வந்தாலே தட்டுவாங்க. அதுக்குன்னே பெரிய அரங்கில் பன்னிரண்டு பேரை வேலைக்கு வச்சிருந்தாங்க."

"காஷ்பார்," என்று கூப்பிட்டாள் பிரோஷ்கா. "தட்டுங்க."

காஷ்பார் கரிக்கையோடு தட்டினார். லோரின்ஸ் வணங்கினார். காஷ்பார் நிறுத்தவில்லை. லோரின்ஸ் மறுபடியும் வணங்கினார். பிரோஷ்கா சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு கறிகாய் வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்விட்டாள்.

வெங்காயம் வாங்கினாள். பேரம் பேசினாள். வழியில் தெரிந்தவள் ஒருத்தியிடம் அவள் மருமகளைப் பற்றி முழுசாகக் கேட்டாள்.

திரும்பி வந்தபோது காஷ்பார் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார். லோரின்ஸ் ஒரு கையை இடுப்பில் முட்டுக்கொடுத்து வணங்கிக்கொண்டிருந்தார்.

"போதும்மா!" என்று அலறினார். "இந்த மனுஷனை நிறுத்தச் சொல்லுங்க. என் இடுப்பு போச்சு!"

"எனக்கு மட்டும் என்ன, கையா இது?" என்றார் காஷ்பார், செக்கச்செவேலென்று இருந்த இரண்டு கையையும் நீட்டி.

மறுநாள் லோரின்ஸ் கதவைத் திறந்தார், நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

*

வரிதான் வரவில்லை.

"எனக்கு..." என்று அடித்தளத்தில் ஆரம்பிப்பார். "பசி..." என்று மாடிப்படி ஏறுவார். "யில்லை!" என்று மொட்டைமாடியில் நின்று கத்துவார். அலமாரியில் தட்டுகள் அதிரும்.

"இதை யாருக்குச் சொல்றீங்க?" என்றாள் பிரோஷ்கா.

"பால்கனி கடைசி வரிசைக்கு."

"இங்கே பால்கனி இல்லையே."

"அதுதான் எனக்கும் கஷ்டமா இருக்கு," என்றார் லோரின்ஸ், மனப்பூர்வமாக.

அடுத்த நாள் அவர் எதுவும் சாப்பிடாமல் வந்தார். முகம் வாடி, பார்க்கவே பரிதாபமாக இருந்தார். வரியைச் சொன்னார்.

"பொய்," என்றாள் பிரோஷ்கா.

"நேத்திலேர்ந்து பட்டினி! உயிர் போகுது!"

"அதான். பசியில உயிர் போறவன் பசியில்லைன்னா பொய்தானே?"

அதற்கடுத்த நாள் ஒரு முழு வாத்து வறுவலைத் தின்றுவிட்டு வந்தார். நாற்காலியில் உட்காரவே சிரமப்பட்டார். "எனக்குப் பசி..." என்றவர் பெரிதாக ஓர் ஏப்பம் விட்டார்.

காஷ்பார் கரிவாளியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். பூனை ஓடிவிட்டது.

"இது நிஜம்," என்றாள் பிரோஷ்கா. "ஆனா இந்த நாடகம் இல்லை."

"அப்ப எப்படித்தான் சொல்றது? நீங்களே ஒரு தடவை சொல்லிக் காட்டுங்களேன்!"

"எனக்குச் சொல்ல வராது."

"வராதா! குருவுக்கே வராதுன்னா சிஷ்யன் கதி என்ன?"

"எனக்கு ரொட்டிகூட நல்லா வராது," என்றாள் அவள். "எதிர்க்கடையிலதான் வாங்கறேன். ஆனா மாவு வேகலைன்னா ஒரு வாயில சொல்லிடுவேன்."

*

வெள்ளிக்கிழமை லோரின்ஸ் வெடித்தார்.

"உங்களுக்கு என்ன தெரியும், அம்மணி? எத்தனை வருஷம் மேடையில நின்னிருக்கீங்க?"

"நின்னதே இல்லை."

"பார்த்தீங்களா!"

"மேடைக்குக் கீழே இருந்தேன். பெரிய அரங்கில. பதினாலு வருஷம்."

லோரின்ஸுக்கு விளங்கவில்லை. பிறகு மெதுவாக விளங்கியது. பெரிய அரங்கின் மேடை விளிம்பில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. மாதா கோயிலில் பாதிரியார் பாவசங்கீர்த்தனம் கேட்கிற கூண்டு மாதிரி இருக்கும், ஆனால் பாதி பூமிக்குள். அதற்குள் ஒருத்தர் மெழுகுவத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்து, நடிகருக்கு மறந்துபோன வசனத்தைக் கிசுகிசுப்பார். பிராம்ப்டர். லோரின்ஸ் தன் வாழ்நாளில் ஒரு பாடத்தையும் முழுசாகப் படித்தது கிடையாது. அந்தப் பெட்டி இருக்க, எதற்குப் படிக்க வேண்டும்?

அந்தப் பெட்டிக்குள் இருந்தது யார் என்று அவர் குனிந்து பார்த்ததும் கிடையாது.

"அந்தக் குரல்..." என்றார். "நீங்களா?"

"எனக்குத் தொண்டை கட்டினதெல்லாம் உங்களாலதான்."

லோரின்ஸ் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"உள்ளேயிருந்து பார்த்தா முகம் தெரியாது, ஐயா," என்றாள் பிரோஷ்கா. "ஷூதான் தெரியும். உங்களோடது வெள்ளிக் கொக்கி வச்சது. மகளைப் பறிகொடுத்த ராஜாவா நின்னு நீங்க கதறுவீங்க. அரங்கமே அழும். உங்க வலது ஷூ நுனி மட்டும் சுகமா தாளம் போட்டுக்கிட்டிருக்கும்."

"என்ன தாளம்?"

"அடுத்து எங்கே சாப்பிடப் போறோம்னு யோசிக்கிற தாளம்."

லோரின்ஸ் குனிந்து தன் வலது காலைப் பார்த்தார்.

பிறகு சிரிக்கத் தொடங்கினார். முதலில் மூக்கில், பிறகு வயிற்றில். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிரோஷ்காவும் சிரித்தாள். எதற்கென்று தெரியாமல் காஷ்பாரும் சிரித்தார்.

"பதினாலு வருஷம் பார்த்துட்டுமா எனக்கு வேடம் கொடுத்தீங்க?"

"ஒரு தடவை," என்றாள் அவள், "ஒரே ஒரு தடவை உங்க கால் அசையாம நின்னுது. உங்க அம்மா தவறிப்போன வாரம். அன்னைக்கு நீங்க எவ்வளவு மோசமா நடிச்சீங்கன்னு பேப்பரில எழுதினாங்க."

லோரின்ஸின் சிரிப்பு நின்றது.

"நல்லா நினைவிருக்கு," என்றார்.

"எனக்கும்," என்றாள் பிரோஷ்கா. சூப்பைக் கிண்டப் போய்விட்டாள்.

*

சனிக்கிழமை அவர் மேடை விளிம்பை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பார்த்தார்.

"இங்கே அந்தப் பெட்டி எங்கே?"

"கிடையாது."

"மறந்துபோச்சுன்னா?"

"ஒரே வரி, ஐயா."

"அதுவும் சரிதான்," என்று மீசையைத் தடவிக்கொண்டார் லோரின்ஸ். "ஒரு வரியை எவனாவது மறப்பானா?"

*

ஞாயிறு மத்தியானம் கொட்டகை நிறைந்து வழிந்தது.

பழைய லோரின்ஸைப் பார்க்க வந்த சீமாட்டிகள் முன்வரிசையில் கம்பளிக் கழுத்துத்துணியோடு உட்கார்ந்திருந்தார்கள், பிஷப் வரப்போகிறார் என்று சொல்லி உட்காரவைத்த கன்னியாஸ்திரீகள் மாதிரி. அவர்களுக்குப் பின்னால் மாணவர்கள், தையல்காரிகள், டிராம் ஓட்டுகிறவர்கள். மூன்றாம் வரிசையில் சந்தையிலிருந்து நேராக வந்த ஒரு நடுவயதுக்காரி, மடியில் வெங்காயத்தாள் கூடை.

கதவு திறந்தது. லோரின்ஸ் வந்தார்.

சீமாட்டிகள் தட்டினார்கள்.

லோரின்ஸ் நிற்கவில்லை. அந்தக் கைதட்டலுக்குள்ளாகவே நடந்துபோய் நாற்காலியை இழுத்து, முதுகைக் காட்டி உட்கார்ந்தார். தட்டிய கைகள் ஒவ்வொன்றாக வெட்கப்பட்டு மடிக்குத் திரும்பின.

தாயாக நடித்தவள் கிண்ணத்தை வைத்தாள். நிஜமான சூப். முட்டைக்கோஸ், காரட், உருளைக்கிழங்கு, கொஞ்சம் சீமைச்சோம்பு. பக்கத்தில் ரொட்டி. வாசனை கடைசி வரிசைவரை போனது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இப்போது வரி.

மேடை ஓரத்தில் பிரோஷ்கா திரைக்கயிற்றைக் கையில் பிடித்திருந்தாள். வரி முடிந்ததும் இழுக்க வேண்டும்.

வரி வரவில்லை.

லோரின்ஸ் வாயைத் திறந்தார். உள்ளே ஒன்றும் இல்லை. துடைத்துவிட்ட சிலேட்டு. முப்பத்தோரு வருஷமும் எதிரே ஆயிரம் முகம் இருந்தது. காலடியில் ஒரு குரல் இருந்தது. இப்போது எதிரே ஒரு சுவர். சுவரில் ஒரு நாள்காட்டி. ஓர் ஆணியில் மகனின் பழைய தொப்பி.

அவர் அந்தத் தொப்பியைப் பார்த்தார்.

கழுத்து வியர்த்தது. போச்சு என்று நினைத்தார். வேடம் போச்சு. நாளையிலிருந்து வீடு. நாளையிலிருந்து கடிகாரம்.

கொட்டகையில் யாருக்கும் இது தெரியவில்லை. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு முதுகு. தோள் இரண்டும் மெல்ல இறங்கிய ஒரு முதுகு. கோட்டின் தையலில் ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. சூப்பிலிருந்து ஆவி எழுந்து, மெலிந்து, நின்றுவிட்டது.

சீமாட்டிகள்கூட இருமவில்லை.

அடுப்போரம் நின்ற காஷ்பார், வசனம் தெரிந்திருந்தும், வாயைக் கரிக்கையால் பொத்திக்கொண்டார். பிரோஷ்காவின் உதடு பழக்கத்தில் அசைந்தது. அதை அவள் பல்லால் கடித்துக்கொண்டாள்.

இன்னும் கொஞ்ச நேரம் போனது.

மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. உரத்த குரல் இல்லை. வீட்டில் பேசுகிற குரல்.

"சாப்பிடுங்க. ஆறிப்போகுது."

வெங்காயத்தாள் கூடைக்காரி. தான் நாடகம் பார்க்க வந்திருக்கிறோம் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது.

லோரின்ஸ் திரும்பவில்லை.

"எனக்குப் பசியில்லை," என்றார்.

அடித்தளமும் இல்லை, மொட்டைமாடியும் இல்லை. பக்கத்தில் நிற்கிறவளிடம் சொல்கிற மாதிரி சொன்னார். அந்தக் குரலை காஷ்பாருக்கே அடையாளம் தெரியவில்லை.

பிரோஷ்காவின் கை கயிற்றில் இறுகியது.

"ரெண்டு வாயாவது," என்றாள் கூடைக்காரி. பக்கத்தில் இருந்தவளிடம் திரும்பி, "எங்க வீட்டு ஆளும் இப்படித்தான். பையன் கப்பல் ஏறின அன்னைக்கு இப்படியே உட்கார்ந்திருந்தார்," என்றாள். மறுபடியும் மேடையைப் பார்த்தாள். "அவன் போய்ச் சேர்ந்துடுவான். கடுதாசி போடுவான். எங்களுக்கு வந்துது. நீங்க சாப்பிடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. யாரும் அவளை உஷ் என்று அடக்கவில்லை. முன்வரிசைச் சீமாட்டி ஒருத்தி கழுத்துத்துணியால் மூக்கைத் துடைத்தாள்.

லோரின்ஸ் கரண்டியை எடுத்தார்.

ஒரு வாய் சாப்பிட்டார். சற்று நின்றார். இன்னொரு வாய். பிறகு ரொட்டியைப் பிய்த்தார்.

தொண்ணூறு நாற்காலியும், சுவரோரம் நின்றவர்களும், ஓர் ஆளின் முதுகு சூப் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவசரப்படவில்லை. கிண்ணத்தை ரொட்டியால் வழித்தார். கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு கரண்டியைக் கிண்ணத்துக்குள் வைத்தார்.

அப்போதுதான் திரை விழுந்தது.

கொட்டகை பொங்கிவிட்டது. தட்டினார்கள், அழுதார்கள், சிரித்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். டிராம்காரர் ஒருவர் கூடைக்காரியின் கன்னத்தில் முத்தமே கொடுத்துவிட்டார். "அட, சும்மா இருங்க. வெங்காயத்தாள் நசுங்குது," என்றாள் அவள்.

*

லோரின்ஸ் மேடை ஓரத்துக்கு வந்தார். மீசையில் ரொட்டித்தூள்.

"கெடுத்துட்டேன், அம்மணி. வரி மறந்துபோச்சு."

பிரோஷ்கா திரைக்கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"பசியில்லைன்னு சொல்லிட்டு சாப்பிட்டும் தொலைச்சுட்டேன். நாடகத்தில அப்படி எழுதலை. எனக்குத் தெரியும். நாளையிலேர்ந்து காஷ்பார்தானே?"

"நானா?" என்றார் காஷ்பார். கண் இரண்டிலும் கரி கரைந்து கன்னத்தில் கோடு விழுந்திருந்தது. "போங்க ஐயா. நான் இந்த அடுப்பையே பார்த்துக்கறேன்."

வெளியே கைதட்டல் நிற்கவில்லை. லோரின்ஸ் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பிரோஷ்காவின் கையில் இருந்த கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வரியைச் சொன்ன உடனே திரை விழணும். அதுதானே ஏற்பாடு?"

"ஆமா."

"நான் சொன்னது உங்க காதில விழுந்துது."

"விழுந்துது."

"அப்புறம் ஏன் திரையை இறக்கலை?"

பிரோஷ்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். இதென்ன கேள்வி என்கிற மாதிரி.

"சாப்பிட்டுக்கிட்டிருந்தீங்களே," என்றாள்.